முள் சொல்வது மெய்யா? சின்ன விமானங்களின் பெட்ரோல் பம்ப்பும் ஆயில் கேஜும்

சேலம் கமலாபுரம் விமான தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்களைப் பற்றி இப்போதெல்லாம் நம் பக்கத்தில் அடிக்கடி பேச்சு வருகிறது. 2025 நவம்பரில் அப்படிச் சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 ஒன்று திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியதிலிருந்து பேச்சு இன்னும் கூடிவிட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. அதன் காரணத்தை ஆராய்வது அதற்கென்று இருக்கும் அதிகாரிகளின் வேலை. நான் அதற்குள் போகவில்லை. ஆனால் அப்போது டீக்கடையில் எல்லோரும் கேட்ட கேள்வி மனதில் தங்கிவிட்டது: "நடு வானத்தில் இன்ஜின் மக்கர் பண்ணினால் என்ன செய்வார்கள்? ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து பார்க்க முடியுமா?"

முடியாதுதான். அதனால் விமானக்காரர்கள் கோளாறை வெளியே நின்று பார்க்காமல், உள்ளே உட்கார்ந்தபடியே முள்ளைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரே நாளில் கற்றதல்ல, நூறு வருடக் கதை. சின்ன விமானங்களில் ஆரம்பத்திலிருந்தே தலைவலி கொடுத்துவரும் இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பெட்ரோலை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் பம்ப். இன்னொன்று, ஆயில் அழுத்தத்தைக் காட்டும் கேஜும் அதற்குச் செய்தி சொல்லும் சென்சாரும். பெட்ரோல் நின்றால் இன்ஜின் நிற்கும், ஆனால் கெட்டுப்போகாது. ஆயில் நின்றால் இன்ஜின் இன்னும் சில நிமிடம் ஓடும். பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதில் புரியும்.

பம்ப்பே இல்லாத காலம்

1903 டிசம்பர் 17-ஆம் தேதி ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் பெட்ரோல் பம்ப் கிடையாது. சுமார் 12 குதிரைத்திறன் இன்ஜின். அதற்கு மேலே, இறக்கையைத் தாங்கும் கம்பில் ஒரு சின்ன டாங்க். அதிலிருந்து பெட்ரோல் தன் பாட்டில் இறங்கி வந்தது. எஸ்டேட்டில் மேட்டுச் சுனையிலிருந்து குழாய் போட்டு, பழம் உரிக்கும் கொட்டகைக்குத் தண்ணீர் கொண்டுவருவோமே, அதே கணக்குதான். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மேடு பள்ளம் போதும்.

அடுத்த முப்பது வருடம் சின்ன விமானங்களில் பெரும்பாலும் இதே முறைதான். மெட்ராஸ் பிளையிங் கிளப் போன்ற கிளப்புகளில் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் பழகிய டைகர் மாத் விமானத்தைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டடுக்கு இறக்கை. மேல் இறக்கையின் நடுவில் சற்றே புடைத்தாற்போல் இருப்பதுதான் பெட்ரோல் டாங்க். கொள்ளளவு 19 காலன். அங்கிருந்து ஒரு குழாய் நேராக இன்ஜினுக்கு இறங்கும்.

ஜே. ஆர். டி. டாட்டா 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி, பம்பாய் ஜுஹூவுக்கு வந்து சேர்ந்தாரே, அந்தப் பஸ் மாத் விமானமும் உயரத்தில் இறக்கை வைத்த ஒற்றை இன்ஜின் விமானம். இறக்கையிலேயே டாங்க். அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். நம் மாகாணத்துக்கு விமானத் தபால் வந்த கதை இப்படி மாட்டு வண்டியையும் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

பம்ப் இல்லையென்றால் கோளாறே இல்லையா என்றால், உண்டு. டாங்க்கில் தண்ணீர் சேரும். அதனால்தான் இன்றும் பறக்கும் முன் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். பில்டரில் குப்பை அடைக்கும். இவற்றைவிட வேடிக்கையானது குளவி. பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால் டாங்க்குக்குள் காற்று நுழைய ஒரு சின்னத் துவாரம் வேண்டும். விமானம் நான்கு நாள் சும்மா நின்றால் அந்தத் துவாரத்தில் குளவி மண் வைத்துக் கூடு கட்டிவிடும். டாங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும், இன்ஜின் மட்டும் பசியில் நிற்கும். பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் பால் சரியாக வராது. இரண்டாவது ஓட்டை போட்டதும் கொட்டும். வீட்டில் எல்லோரும் பார்த்ததுதான்.

தூரப் பயணம் என்று வந்தபோதுதான் மேல் டாங்க் போதவில்லை. 1930 மே மாதம் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜான்சன் தன் ஜிப்சி மாத் விமானத்தில் கூடுதல் டாங்க்குகளைக் கீழே வைத்துக்கொண்டார். அதிலிருந்து மேல் டாங்க்குக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் அவருடைய கைதான். ஒரு கையில் விமானம், மறு கையில் பம்ப். பெட்ரோல் வாடை வேறு. வழியில் நம் ஜான்சியில், பெட்ரோல் தீரும் நிலையில், ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 26. முந்தைய ஆண்டே இன்ஜின் பழுது பார்ப்பதற்கான அரசு உரிமம் வாங்கியிருந்தார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர். பறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஸ்பானர் பிடிக்கவும் தெரிய வேண்டும் என்ற காலம் அது.

அதே 1930-இல் இன்னொன்றும் நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். இந்தியாவிலிருந்து டாட்டா கிளம்பினார். எதிர்ப்பக்கமிருந்து ஆஸ்பி என்ஜினியர் வந்தார். எகிப்தில் ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நின்றார். அங்கே இறங்கிய டாட்டா தன்னிடமிருந்த உபரி பிளக்கைப் போட்டிக்காரருக்கே கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. பின்னாளில் அவர் நம் விமானப்படைத் தளபதியாகவும் ஆனார்.

ஆமணக்கெண்ணெயும் கண்ணாடிக் குமிழும்

இனி ஆயில் பக்கம் வருவோம். முதல் உலகப் போர்க் காலத்து விமானங்கள் பலவற்றில் இன்ஜினே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். அதில் ஆயிலைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்த வழியில்லை. உள்ளே போன ஆயில் வேலையை முடித்துக்கொண்டு புகையாகவும் துளியாகவும் வெளியே போய்விடும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை இன்ஜினின் வயிற்றுக்குள்ளேயே நுழைவதால், பெட்ரோலில் கரைந்துபோகாத எண்ணெய் வேண்டும். அதற்குக் கிடைத்தது நம் ஊர் ஆமணக்கெண்ணெய். விமானியின் முகத்திலும் கழுத்துத் துணியிலும் விளக்கெண்ணெய் வாடைதான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். குழந்தைகள் வாயைப் பிடித்து ஊற்றிய எண்ணெய் ஒரு காலத்தில் வானத்தில் சண்டை போட்டது என்று யாராவது சொன்னால் நம்பலாம்.

அந்த இன்ஜின்களில் ஆயில் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? விமானியின் முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். ஆயில் பம்ப் தள்ளும்போதெல்லாம் அதில் எண்ணெய் மட்டம் நாடி துடிப்பதுபோல் ஏறி இறங்கும். துடிப்பு நின்றால் இறங்க இடம் தேட வேண்டியதுதான்.

பிறகு வந்தது முள் கேஜ். இதன் அடிப்படை இன்னும் பழையது. 1849-இல் பிரான்ஸ் நாட்டு யூஜீன் பூர்தோன் என்பவர் நீராவி இன்ஜின்களுக்காகக் கண்டுபிடித்தது. திருவிழாக் கடையில் விற்கும் பீப்பியை ஊதினால் சுருள் விரியும் அல்லவா, அதுபோலத் தட்டையான வளைந்த குழாய் ஒன்று அழுத்தம் ஏறினால் சற்றே நிமிரும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். விமானத்தில் இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஆயிலே நேராகக் கேஜ் வரை வந்துவிடும். அந்தக் குழாய் உடைந்தால் மொத்த ஆயிலும் கொட்டிவிடாதா? அதற்காக இன்ஜின் முனையில் ஊசிக் கண் அளவுக்கு ஒரு சின்னத் துவாரம் மட்டும் விட்டிருப்பார்கள். குழாய் அறுந்தாலும் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். இறங்க நேரம் கிடைக்கும்.

டாஸ்மான் கடல் மேல் ஒரு பிளாஸ்க்

ஆயில் முள் இறங்குவது என்றால் என்ன என்பதற்கு 1935 மே 15-ஆம் தேதி நடந்ததைவிடப் பெரிய உதாரணம் இல்லை. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற விமானி சார்லஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித், மூன்று இன்ஜின் கொண்ட தன் பழைய சதர்ன் கிராஸ் விமானத்தில் தபால் ஏற்றிக்கொண்டு சிட்னியிலிருந்து நியூசிலாந்துக்குக் கிளம்பினார். கூட இருந்தவர்கள் பி. ஜி. டெய்லரும், ரேடியோ பார்த்த ஜான் ஸ்டானேஜும். கடல் நடுவே, நடு இன்ஜினின் புகைக்குழாயிலிருந்து ஒரு துண்டு உடைந்து வலது பக்கப் புரொப்பெல்லரைத் தாக்கியது. அந்த இன்ஜினை நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்பி வரும் வழியில், கூடுதல் பாரம் சுமந்த இடது இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. ஆயில் அழுத்த முள் இறங்கத் தொடங்கியது.

இங்கே முள் பொய் சொல்லவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நின்றுபோன வலது இன்ஜினிலோ ஆயில் சும்மா கிடந்தது. டெய்லர் காக்பிட்டிலிருந்து வெளியே இறங்கி, இறக்கைக்கும் உடலுக்கும் இடையிலான கம்பியில் கால் வைத்து, காற்று வாரி அடிக்க, வலது இன்ஜின் வரை போனார். ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்கின் உறையில் ஆயிலைப் பிடித்து உள்ளே கொடுத்தார். பிறகு இடது பக்கம் போய் அந்த இன்ஜினின் டாங்க்கில் ஊற்றினார். முள் ஏறியது. சிறிது நேரத்தில் மறுபடியும் இறங்கியது. மறுபடியும் போனார். இப்படி ஆறு முறை. கீழே கடல். பாரம் குறைக்கத் தபால் மூட்டைகளையும் கடலில் போட்டார்கள். கடைசியில் மூவரும் சிட்னியில் உயிரோடு இறங்கினார்கள். டெய்லருக்கு வீரப் பதக்கம் கிடைத்தது.

கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்துக்கு விதி அதே ஆண்டு நவம்பரில் நம் பக்கமே காத்திருந்தது. அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்கு இரவில் பறந்த அவரும் துணை விமானியும் பர்மா கரைக்கு அருகில் மறைந்துபோனார்கள். 1937-இல் சக்கரத்தோடு கூடிய ஒரு கால் மட்டும் அங்கே ஒரு தீவின் அருகே கிடைத்தது.

இறக்கை கீழே வந்தது, பம்ப் மேலே வந்தது

இறக்கையை உடலுக்குக் கீழே வைக்கும் விமானங்கள் பரவியதும் டாங்க்கும் இன்ஜினுக்குக் கீழே போய்விட்டது. இனி பெட்ரோல் தானாக ஏறாது, உறிஞ்ச வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் வந்த பைப்பர் செரோக்கி இந்த வகைக்கு நல்ல உதாரணம். அதில் இன்ஜினே ஓட்டும் ஒரு டயாஃப்ரம் பம்ப், அதற்குத் துணையாக மின்சாரப் பம்ப் ஒன்று. மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டும் ஓடும். ஒன்று போனால் இன்னொன்று.

டயாஃப்ரம் பம்ப் நமக்கு அந்நியம் இல்லை. பழைய ஜீப்பிலும் பியட் காரிலும் இருந்தது இதே சாதிதான். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சித்திரை வெயிலில் ஏறும்போது, பாதி வழியில் வண்டி இருமி நின்றுவிடும். டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப்பைச் சுற்றி ஈரத்துணி போடுவார். பத்து நிமிடம் கழித்துக் கிளம்பும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப் ஆவியைத்தான் உறிஞ்சும், பெட்ரோல் வராது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். நம் மலை உயரத்துக்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பத்தாயிரம் அடியில் பறப்பவன் பாட்டை யோசித்துப் பாருங்கள். அங்கே ஈரத்துணிக்கு வழியில்லை. அதனால்தான் மின்சாரப் பம்ப்பை டாங்க் பக்கமாக வைத்து, உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளும்படி செய்தார்கள். தள்ளப்படும் பெட்ரோலில் அழுத்தம் இருக்கும், எளிதில் ஆவியாகாது.

விமானி பறந்தபடி கோளாறு கண்டுபிடிக்கும் வரிசையும் இதிலிருந்துதான் வந்தது. பெட்ரோல் அழுத்த முள் விழுந்தால், முதலில் மின்சாரப் பம்ப்பைப் போடு. முள் ஏறி இன்ஜின் சீரானால், இன்ஜின் பம்ப்தான் போயிருக்கிறது. அருகிலுள்ள தளத்தில் இறங்கு. ஏறவில்லையென்றால் டாங்க்கை மாற்று. அப்போது சரியானால் குற்றம் அந்த டாங்க்கிலோ அதன் குழாயிலோ. இரண்டுக்கும் அசையாமல் முள் மட்டும் கீழே கிடக்க, இன்ஜின் பாட்டுக்குச் சீராக ஓடினால், சந்தேகம் கேஜின் பக்கம் திரும்புகிறது.

தரையில் மெக்கானிக் பார்ப்பது வேறு. டயாஃப்ரம் ரப்பர் வயதானால் விறைத்துக் கிழியும். ஓடாமல் நின்றாலும் வயது ஏறும். ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் தன் சின்ன இன்ஜின்களின் ரப்பர் பாகங்களை, எவ்வளவு மணி ஓடியிருந்தாலும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். டயாஃப்ரம் கிழிவதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சில இன்ஜின்களில் கசியும் பெட்ரோல் நேராக ஆயிலுக்குள் போய்விடும். ஆயில் நீர்த்துப்போகும், ஆயில் அழுத்தம் இறங்கும். முள் காட்டுவது ஆயில் நோய். மூலமோ பெட்ரோல் பம்ப். ஆயில் குச்சியை எடுத்து மோந்து பார்க்கும் பழைய மெக்கானிக் வழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது.

செய்திக்காரன் பொய் சொன்னால்

ஆயிலையே கேஜ் வரை கொண்டுவருவதற்குப் பதிலாக, பிற்காலத்தில் இன்ஜினிலேயே ஒரு சென்சாரை மாட்டி, அங்கிருந்து ஒரு வயரை மட்டும் இழுத்தார்கள். காக்பிட்டில் ஆயில் சிந்தும் பயம் போனது. ஆனால் புதிய தலைவலி வந்தது. இன்ஜின் அதிர்வு முழுவதையும் அந்தச் சின்னச் சென்சார் வாங்கிக்கொள்கிறது. உள்ளே தேய்கிறது, வயர் நுனி தளர்கிறது, எர்த் விடுகிறது. இன்ஜின் நன்றாக இருக்க, முள் பூஜ்யத்தில் கிடக்கிறது அல்லது பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது.

இங்கேதான் உயிர்ப் பிரச்சினை. முள்ளை நம்பி இன்ஜினை நிறுத்தினால், நல்ல இன்ஜினை நிறுத்திக் காட்டில் இறங்குவோம். நம்பாமல் பறந்தால், முள் சொன்னது மெய்யாக இருந்தால், இன்ஜின் நடு வானில் பிடித்துக்கொள்ளும். இதற்கு விமானக்காரர்கள் கண்ட வழி, இரண்டாவது சாட்சியைக் கேட்பது. ஆயில் அழுத்தம் உண்மையிலேயே போனால் ஆயில் சூடு ஏறத்தான் வேண்டும். அழுத்த முள் விழுந்து, சூட்டு முள் அசையாமல் இருந்தால், சென்சார் மீது சந்தேகம் வலுக்கும். அப்போதும் அருகிலுள்ள தளத்தில் இறங்கிப் பார்ப்பதே வழக்கம். அழுத்தம் விழ, சூடும் ஏறினால் வாதம் முடிந்தது. வேகத்தைக் குறைத்து உடனே இறங்க இடம் பார்க்க வேண்டும். இன்னொரு குறிப்பும் உண்டு: உண்மையான அழுத்தம் பெரும்பாலும் படிப்படியாக இறங்கும், வயர் கோளாறு ஒரே குதியில் ஒரு கோடிக்குப் போய் நிற்கும்.

பழைய செஸ்னா 172-இல் சாதாரண ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 முதல் 90 பவுண்டு. மெதுவாக ஓடும்போது 25-க்குக் கீழே போகக் கூடாது. ஸ்டார்ட் செய்து 30 வினாடிக்குள் முள் எழும்பாவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். தரையில் சந்தேகம் தீர்க்க மெக்கானிக் செய்வது எளிய வேலை: சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பூர்தோனின் பழைய பாணிக் கேஜ் ஒன்றை நேராக மாட்டிப் பார்ப்பார். அதில் அழுத்தம் சரியாக இருந்தால் குற்றவாளி சென்சார். பலர் சென்சாரை இன்ஜினிலிருந்து எடுத்து, ஒரு ஹோஸ் மூலம் பின்னாலிருக்கும் தடுப்புச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அதிர்வு குறைகிறது, ஆயுள் கூடுகிறது.

சென்சார் மேலேயே பழி போட்டுப் பழகுவதிலும் ஆபத்து உண்டு. 1983 மே 5-ஆம் தேதி, அமெரிக்காவின் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் மூன்று இன்ஜின் ஜெட் விமானம் மயாமியிலிருந்து நாசாவுக்குப் போனது. உள்ளே 172 பேர். ஒரு இன்ஜினில் ஆயில் அழுத்தம் விழ, அதை நிறுத்தித் திரும்பினார்கள். பிறகு மற்ற இரண்டிலும் முள் பூஜ்யத்துக்குப் போனது. மூன்று இன்ஜினும் ஒரே நேரத்தில் கெடுமா, கேஜ்தான் கோளாறு என்றே விமானிகள் நினைத்தார்கள். நியாயமான நினைப்பு. ஆனால் மூன்று முள்ளும் மெய்யே சொல்லின. முன்னதாகப் பராமரிப்பில் ஆயிலில் உலோகத் துகள் பிடிக்கும் காந்த முளைகளை மாற்றியபோது, மூன்று இன்ஜினிலும் ரப்பர் வளையம் போடாமல் மாட்டியிருந்தார்கள். இரண்டு இன்ஜினும் நின்று, விமானம் சுமார் 4,000 அடிக்கு இறங்கியபோது, முதலில் நிறுத்திவைத்த இன்ஜின் மறுபடியும் பிடித்தது. அந்த ஒன்றோடு மயாமியில் இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

நம் நாட்டு விமானங்கள்

பெங்களூர் எச்.ஏ.எல். தயாரித்த புஷ்பக் 1958 செப்டம்பரில் முதலில் பறந்தது. உயரத்தில் இறக்கை, 90 குதிரைத்திறன் இன்ஜின், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில். சுமார் 160 செய்தார்கள். நாடெங்கும் பிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை அதில்தான் பழகியது.

அதே பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஹன்சா 1993-இல் முதலில் பறந்தது. ஹன்சா-3 என்ற வடிவம் 2000-இல் சான்று பெற்றது. இறக்கை கீழே, உள்ளே ரோட்டாக்ஸ் 914 இன்ஜின். இன்ஜின் ஓட்டும் பம்ப்பே இல்லை. இரண்டு மின்சாரப் பம்ப்புகள். அதன் புதிய வடிவமான ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பரில் பறந்தது. 2022 பிப்ரவரியில் கடல் மட்டச் சோதனைக்காக நம் புதுச்சேரிக்கே வந்து போனது. அதே ஆண்டு மே மாதம் கர்நாடகத்துச் செல்லக்கெரேயில் செய்த சோதனை குறிப்பிடத்தக்கது: வானத்தில் வேண்டுமென்றே இன்ஜினை நிறுத்தி, புரொப்பெல்லர் சும்மா நிற்க, மறுபடியும் ஸ்டார்ட் செய்து காட்டினார்கள்.

நம் பேரப்பிள்ளைகளில் சிலர் இப்போது பைலட் படிப்புக்கும், அதைவிட அதிகம் பேர் விமானப் பராமரிப்புப் படிப்புக்கும் போகிறார்கள். பைலட் என்றால் ஊரே கூடி வாழ்த்துகிறது. மெக்கானிக் என்றால் "அப்படியா" என்று நின்றுவிடுகிறது. குளவிக் கூட்டைக் குச்சியால் எடுப்பவரும், விறைத்த டயாஃப்ரத்தை நாள் பார்த்து மாற்றுபவரும், ரப்பர் வளையத்தை மறக்காமல் போடுபவரும் அந்த இரண்டாவது பிள்ளைதான். டெய்லர் பிளாஸ்க்கோடு இறக்கைக்குப் போக வேண்டிய நிலைமை இன்று அபூர்வமாகிவிட்டது என்றால், அதில் பெரிய பங்கு அவருடையது. வீட்டுக்கு வந்தால் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நாலு வார்த்தை கேளுங்கள்.